முதலில் பெட்டி, ஜன்னல் அப்புறம்: மாஸிங் மாடல் ஓர் அறிமுகம்

“இந்த மனையில எத்தனை ஃபிளாட் வரும் சார்?” ஆர்க்கிடெக்ட் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உட்காரும் முன்பே கேட்கும் கேள்வி இது. புதிதாகச் சேர்ந்த ஜூனியர் இதைக் காதில் வாங்கியதும் கம்ப்யூட்டரில் ஹால், படுக்கையறை, சமையலறை என்று பிளான் வரைய ஆரம்பித்துவிடுவார். இரண்டு நாள் கழித்து, கட்டடம் மனையின் அந்தப் பக்கம் நின்றால்தான் சரி, மூன்று மாடியைவிட ஐந்து மாடிதான் தோது என்று தெரியவரும். வரைந்தது அத்தனையும் வீண். நானும் அப்படி வீணாக்கியவன்தான்.

அந்த இரண்டு நாளை மிச்சம் பிடிப்பதற்காகச் செய்வதுதான் மாஸிங் மாடல். அதில் அறை இருக்காது, கதவு ஜன்னல் இருக்காது, சுவரின் கனம்கூட இருக்காது. கட்டடம் எவ்வளவு பெரியது, எவ்வளவு உயரம், மனையில் எங்கே நிற்கிறது, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். பார்த்தால் சோப்புக் கட்டி மாதிரி இருக்கும்.

தமிழில் இதைத் திரள் என்று சொல்லலாம், நல்ல சொல்தான். ஆனால் அலுவலகங்களில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. மாஸ், மாஸிங், பிளாக் மாடல் என்றுதான் பேச்சு. ‘மாஸ்’ என்றால் நமக்கு ஹீரோ என்ட்ரி நினைவுக்கு வரும். இந்த மாஸ் அதற்கு நேர் எதிர். ஓரத்தில் சாதுவாக நிற்க வேண்டும், யார் கண்ணையும் பறிக்கக் கூடாது.

நூறு வருடத்துக்கு முந்தைய பெட்டி

கம்ப்யூட்டருக்குப் போகும் முன் ஒரு பழைய கதை. 1915-இல் நியூயார்க்கின் பிராட்வேயில் ஈக்விட்டபிள் கட்டடம் எழுந்தது. மனை ஒரு ஏக்கருக்கும் குறைவு. அதன்மேல் அடுக்கியதோ சுமார் 12 லட்சம் சதுர அடி. மனையின் பரப்பைப் போல ஏறக்குறைய 30 மடங்கு. மனையின் விளிம்பிலிருந்தே நெட்டுக்குத்தாக மேலே போனது. கீழே தெருவும் அக்கம்பக்கத்து அலுவலகங்களும் இருட்டில் கிடந்தன. இப்படியே எல்லோரும் கட்டினால் ஊர் என்னாவது என்று பயந்த நகர நிர்வாகம் அடுத்த வருடமே, 1916-இல், ஒரு சட்டம் கொண்டுவந்தது.

சட்டத்தின் சாரம் இது. தெருவின் அகலத்தைப் பொறுத்து ஓர் உயரம் வரை சுவர் நேராக எழலாம். அதற்கு மேல் ஒரு சாய்கோட்டுக்கு உள்ளேயே பின்வாங்கிப் பின்வாங்கிப் போக வேண்டும். மனைப் பரப்பில் கால்வாசி இடத்தில் மட்டும் கோபுரம் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போகலாம்.

வாசிக்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டப்படி கட்டினால் கட்டடம் பார்க்க எப்படி இருக்கும்? அந்தக் கேள்விக்குப் படத்தில் பதில் சொன்னவர் ஹியூ ஃபெரிஸ். அவர் ஆர்க்கிடெக்ட்தான் என்றாலும் மற்றவர்களின் கட்டடங்களை வரைந்து கொடுப்பதே அவர் பிழைப்பு. 1922-இல் ஹார்வி வைலி கார்பெட் என்ற ஆர்க்கிடெக்டுடன் சேர்ந்து யோசித்து நான்கு படங்கள் வரைந்தார். முதல் படத்தில் சட்டம் அனுமதிக்கும் அதிகபட்ச உருவம், ஒரு மலை மாதிரி. இரண்டாவதில் உள்ளே வெளிச்சம் போக அந்த மலையில் பிளவுகள். மூன்றாவதில் சாய்வுகளெல்லாம் படிப்படியாக, கட்டக்கூடிய நேர்கோட்டு அடுக்குகளாக மாறுகின்றன. நான்காவதில், ஒரு அறைகூடப் போட முடியாத அளவுக்குக் குறுகிப்போன துண்டுகளை வெட்டியெறிந்த பிறகு மிஞ்சியது. எந்தப் படத்திலும் அலங்காரம் கிடையாது.

பிறகு நியூயார்க்கில் எழுந்த எம்பயர் ஸ்டேட் கட்டடம் (1931) உட்படப் பல உயரக் கட்டடங்கள் படிப்படியாகச் சுருங்கி மேலே போவது இந்தச் சட்டத்தால்தான். கலை ரசனை அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

புதிதாகக் கற்பவர்களுக்கு ஃபெரிஸை நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று மென்பொருளில் செய்வதும் அதே நான்கு படிதான், அதே வரிசையில்தான். கையில் கரிக்கோலுக்குப் பதில் மவுஸ். ஒரே வித்தியாசம், அவருக்கு ஒரு படத்தை மாற்ற மறுபடி வரைய வேண்டியிருந்தது. நமக்கு ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தால் போதும்.

நம் ஊர் மனை ஒன்று

சும்மா பேசாமல் ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். சென்னையில் 30 மீட்டர் அகலம், 40 மீட்டர் ஆழம். 1200 சதுர மீட்டர், அதாவது ஐந்து கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல். சாலை கிழக்கே. சாலையோரம் இருப்பது 30 மீட்டர் பக்கம். குடியிருப்பு கட்ட வேண்டும்.

விதி என்ன சொல்கிறது? தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி உயரக் கட்டடம் அல்லாதவற்றுக்கு அடிப்படை எஃப்எஸ்ஐ 2. மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்று அர்த்தம். நம் கணக்கில் 2400 சதுர மீட்டர். உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரக் கட்டடம் என்ற வகைக்குப் போய்விடும், அதற்கு விதிகளும் செலவும் வேறு. சுற்றிலும் காலியாக விட வேண்டிய இடம்தான் செட்பேக். அது சாலை அகலம், உயரம் இவற்றைப் பொறுத்து மாறும். நம் பயிற்சிக்கு முன்னால் 4 மீட்டர், மற்ற மூன்று பக்கமும் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிஜ வேலையில் அன்றைய தேதியில் அமலில் இருக்கும் திருத்தங்களைப் பார்த்துவிட்டுத்தான் இந்த எண்களைப் போட வேண்டும்.

செட்பேக் போக, கட்டடம் நிற்கக்கூடிய இடம் 24 மீட்டருக்கு 33 மீட்டர். 792 சதுர மீட்டர். அதை 18.30 மீட்டர் உயர்த்தினால் ஒரு கண்ணாடிப் பெட்டி. ஃபெரிஸின் முதல் படம் இதுதான்.

இங்கேதான் சுவாரசியம். அந்தப் பெட்டிக்குள் தரைத்தளத்தை வண்டி நிறுத்தும் ஸ்டில்ட்டாக விட்டுவிட்டு, மேலே தளத்துக்கு 3 மீட்டர் என்று ஐந்து தளம் அடுக்கலாம். மொத்தம் 18 மீட்டர், வரம்புக்குள் நிற்கிறது. பெட்டி முழுவதையும் நிரப்பினால் ஐந்து தளமும் சேர்த்து 3960 சதுர மீட்டர் வரும். நமக்கு அனுமதி 2400. (வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் எஃப்எஸ்ஐ கணக்கில் சேராது.) அதாவது சட்டம் ஒரு பெரிய பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு, ‘இதில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் ஊற்றிக்கொள்’ என்கிறது. 1916-இன் நியூயார்க் சட்டத்தில் இந்தப் பரப்பு வரம்பு கிடையாது. அது பாத்திரத்தின் வடிவத்தை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. மனைப் பரப்புக்கு இத்தனை மடங்கு என்ற கணக்கை அந்த நகரம் 1961-இல்தான் எடுத்துக்கொண்டது.

ஆக, நம் மனையில் வடிவமைப்பு என்பதே எந்த நாற்பது சதவீதத்தைக் காலியாக விடுவது என்ற முடிவுதான். பிளான் வரைந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பெட்டியை வைத்து விளையாடித்தான் பார்க்க வேண்டும்.

பெட்டி செய்யும் விதம்

ஸ்கெட்ச்அப், ரைனோ, ரெவிட், ஆர்க்கிகேட், பிளெண்டர் எல்லாவற்றிலும் மாஸ் செய்யலாம். முதல்முறை என்றால் நான் ஸ்கெட்ச்அப்தான் சொல்வேன். 2000-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து போல்டர் என்ற ஊரிலிருந்து வந்த மென்பொருள். 2006-இல் கூகுள் வாங்கியது, 2012-இல் டிரிம்பிள் வாங்கியது. உலாவியிலேயே ஓடும் இலவசப் பதிப்பும் உண்டு. போல்டர் என்ற ஊர்ப்பெயரை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் அது நம்மை ஏமாற்றப் போகிறது.

அளவை மீட்டருக்கு மாற்றுங்கள். செவ்வகக் கருவியை எடுத்து ஒரு மூலையில் கிளிக் செய்து 30,40 என்று தட்டச்சு செய்து என்டர் தட்டினால் மனை வந்துவிடும். உள்ளே செட்பேக் கோடுகளைப் போட்டு 24-க்கு 33 செவ்வகத்தைப் பிரித்தெடுங்கள். புஷ்-புல் கருவியால் அதை 18.3 மீட்டர் மேலே இழுத்து, குரூப்பாக்கி, கண்ணாடி மாதிரி ஒரு நிறம் கொடுங்கள். இது எல்லைக்கூடு. இனி இதைத் தொட வேண்டாம். எந்தப் பெட்டியாவது இதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கண்ணுக்குத் தெரியும், அதற்காகத்தான் இது.

குரூப் ஆக்குவதை மறந்துவிடாதீர்கள். ஸ்கெட்ச்அப்பில் குரூப் செய்யாத இரண்டு வடிவங்கள் தொட்டுக்கொண்டால் ஈர மாவு மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒன்றை நகர்த்தினால் மற்றது இழுபட்டு உருக்குலையும். முதல் வாரத்தில் எல்லோரும் படும் பாடு இது.

அடுத்தது தளங்கள். கட்டடத்தை ஒரே பெரிய கட்டியாக 15 மீட்டர் இழுப்பதைவிட, ஒரு தளத்தை 3 மீட்டர் கனமுள்ள பலகை மாதிரி செய்து அதைக் கம்போனென்டாக மாற்றுங்கள். நகர்த்தும் கருவியில் கன்ட்ரோலை அழுத்தி 3 மீட்டர் மேலே ஒரு நகல் எடுத்து, உடனே *4 என்று தட்டினால் மொத்தம் ஐந்து தளம் நிற்கும். கம்போனென்டில் ஒன்றைத் திருத்தினால் ஐந்தும் திருந்தும். அடியில் ஸ்டில்ட்டுக்கு 3 மீட்டர் இடைவெளி விடுங்கள். தளத்தின் மேல்முகத்தைத் தேர்ந்தெடுத்தால் என்டிட்டி இன்ஃபோ பெட்டியில் அதன் பரப்பு தெரியும். தளங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் எஃப்எஸ்ஐ கணக்கு முடிந்தது.

எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை. கை பழகினால் பத்து நிமிடம்.

ஒரே பரப்பு, வேறு வேறு உடம்பு

இப்போது 2400 சதுர மீட்டரை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் எத்தனை விதமாக வைக்கலாம் என்று பார்ப்போம்.

முதல் வடிவம் தட்டை. கிடைத்த 24-க்கு 33 இடத்தை முழுக்க நிரப்பி மூன்று தளம். 2376 சதுர மீட்டர். உயரம் ஸ்டில்ட்டோடு 12 மீட்டர். கட்டச் செலவு குறைவு, லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரமும் குறைவு. ஆனால் நடுவில் நிற்பவருக்கு எந்த ஜன்னலும் 12 மீட்டருக்கு அருகில் இல்லை. ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் வெளிச்சம் உருப்படியாக உள்ளே வரும் என்பது பழைய கைக்கணக்கு. 2.1 மீட்டர் உயர ஜன்னல் என்றால் நான்கைந்து மீட்டர். அதற்கு அப்பால் பகலிலும் ட்யூப்லைட்தான்.

இரண்டாவது, அதே செவ்வகத்தின் நடுவில் 12-க்கு 16 மீட்டரில் ஒரு முற்றம். தளத்துக்கு 600 சதுர மீட்டர் மிஞ்சும், நான்கு தளம், சரியாக 2400. நமக்குப் பழக்கமான வடிவம். இருட்டு மூலை போய்விட்டது. அதற்கு விலை என்ன? வெளிச்சுவரின் பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். தட்டை வடிவத்தில் 1026 சதுர மீட்டர் சுவர். முற்றம் வைத்ததும் உள்சுற்றும் சேர்ந்து 2040. கிட்டத்தட்ட இரட்டிப்பு. பூச்சு, பெயிண்ட், ஜன்னல், வெயில் வாங்கும் பரப்பு எல்லாம் அதோடு சேர்ந்து ஏறும். முற்றம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த எண்ணைக் காட்டிவிட்டுத்தான் நான் பேச்சைத் தொடர்வேன். அப்புறமும் வேண்டும் என்றால் சந்தோஷமாகச் செய்யலாம்.

மூன்றாவது, சாலையைப் பார்த்து 24 மீட்டர் அகலம், 20 மீட்டர் ஆழம், ஐந்து தளம். தளத்துக்கு 480, மொத்தம் அதே 2400. பின்னால் 13 மீட்டர் காலி இடம், செட்பேக்கையும் சேர்த்தால் 16. 2019 விதிகளுக்குப் பிறகு சென்னை ரியல் எஸ்டேட் விளம்பரங்களில் ‘ஸ்டில்ட் பிளஸ் ஃபைவ்’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுவது ஏன் என்பதற்கு இந்த எண்களே பதில். 3 மீட்டர் தளங்கள் ஐந்தும் ஸ்டில்ட்டும் சேர்ந்தால் 18, வரம்பு 18.30.

எனக்கு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மூன்றாவதுதான் பிடித்தது. வெயிலைப் போட்டுப் பார்க்கும் வரைக்கும்.

வெயில் எந்த ஊருடையது?

ஸ்கெட்ச்அப்பில் நிழலை ஒரு பொத்தானில் போடலாம். மாதம், நேரம் இரண்டையும் நகர்த்தினால் நிழலும் நகரும். பார்க்க அழகு. ஆனால் மாடல் எந்த ஊரில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லாவிட்டால், மென்பொருள் தன் சொந்த ஊரான போல்டரின் வெயிலை எடுத்துக்கொள்ளும்.

அதனால் என்ன கெட்டுவிடும்? போல்டர் 40 டிகிரி வடக்கில் இருக்கிறது, சென்னை 13 டிகிரியில். டிசம்பர் 21 நண்பகலில் நம் 18 மீட்டர் கட்டடத்தின் நிழல் சென்னையில் வடக்கே சுமார் 13 மீட்டர் விழும். போல்டர் வெயிலில் அதுவே 36 மீட்டர். வடக்கு வீட்டுக்காரர் தலையில் இருட்டைக் கொட்டிவிட்டோம் என்று பயந்து நீங்கள் ஒரு மாடியைக் குறைத்துவிடலாம். ஜூனில் இன்னும் மோசம். அப்போது சென்னையில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். நிழல் தெற்கே மூன்று மீட்டர் விழும். போல்டரில் வருடம் முழுவதும் நண்பகல் சூரியன் தெற்கேதான். ஆகவே மாடலில் ஜூன் நண்பகலில் வடக்குச் சுவர் நிழலில் குளிர்ந்திருப்பதாகத் தெரியும். நிஜத்தில் அது வெயிலில் காயும். முதல் வேலையாக இடத்தைச் சரிசெய்து, வடதிசையையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மேலைநாட்டுப் பாடங்களில் மாஸிங் என்றால் நிழலைக் குறைப்பது என்றே பேச்சு. நியூயார்க்கில் குளிர்காலச் சூரியன் நண்பகலிலேயே 26 டிகிரி உயரம்தான் ஏறும். அங்கே வெளிச்சத்துக்கு அடித்துக்கொள்வது நியாயம். நமக்கு ஏப்ரல் கடைசியில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். இங்கே நிழல் ஒரு வரவு. மாஸை நகர்த்தும்போது, தெருவுக்கும் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் எவ்வளவு நிழல் கொடுக்க முடியும் என்றும் பார்க்க வேண்டும்.

சென்னை வெயிலைப் போட்டு மே மாத மாலை நான்கு மணிக்கு வைத்தேன். மூன்றாவது வடிவத்தின் மேற்குச் சுவர் 24 மீட்டர் அகலம், 15 மீட்டர் உயரம். 360 சதுர மீட்டர் சுவர் நேராக மேற்கு வெயிலை வாங்கிக்கொண்டு நிற்கிறது. பின்னால் விட்ட காலி இடமும் மேற்கில்தான். மாலையில் அங்கே ஒரு பொட்டு நிழல் கிடையாது. அந்த நேரத்தில் எந்தக் குழந்தை அங்கே விளையாடும்?

அப்போதுதான் நான்காவது வடிவம் தோன்றியது. பெட்டியைத் திருப்பினால் என்ன? 33 மீட்டர் நீளத்தைக் கிழக்கு மேற்காகப் படுக்கவைத்து, அகலத்தை 14.5 மீட்டராகக் குறுக்கி, ஐந்து தளம். 2392 சதுர மீட்டர், வரம்புக்குச் சற்றுக் கீழே. மேற்குச் சுவர் 217 சதுர மீட்டராகச் சுருங்கிவிட்டது. மூன்று மாடித் தட்டை வடிவத்தின் மேற்குச் சுவரே 216. ஐந்து மாடி கட்டியும் மூன்று மாடிக்கான மேற்கு வெயில்தான். நடுவில் 2 மீட்டர் நடை விட்டால் இருபக்கமும் ஆறே கால் மீட்டர் ஆழம். முக்கியமான அறைகளை எல்லாம் ஜன்னலோரம் வைத்துவிடலாம்.

கட்டடம் நீளமாகிவிட்டதால் பக்கவாட்டில் 9.5 மீட்டர் மிஞ்சுகிறது, செட்பேக்கோடு 12.5. இந்தக் காலி இடத்தை வடக்கே விடுவதா, தெற்கே விடுவதா? வடக்கு என்றால் நிழலாக இருக்கும் என்றுதான் கை தானாகப் போகும். மே மாத மாலை நான்கு மணிக்குப் பார்த்தால் கதை வேறு. சூரியன் மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே விலகி நிற்கிறது. நிழல் கிழக்கே நீண்டு போய், கொஞ்சம் தெற்கே சாய்கிறது. கட்டடத்தின் தெற்கே சுமார் ஆறு மீட்டர் வரை நிழல். வடக்கே ஒன்றுமில்லை. கோடை மாலைக்கு விளையாட்டு இடம் வேண்டுமென்றால் கட்டடத்தை வடக்கே தள்ளித் தெற்கே இடம் விட வேண்டும்.

வடக்கே தள்ளினால் டிசம்பர் நண்பகலின் 13 மீட்டர் நிழல் செட்பேக்கைத் தாண்டி வடக்கு வீட்டு மனைக்குள் பத்து மீட்டர் போகும். பிற்பகலில் கிழக்கிலிருந்து வரும் கடல்காற்றுக்கும் இந்த வடிவம் தன் குறுகிய பக்கத்தைத்தான் காட்டுகிறது. எல்லாம் ஒரே பெட்டியில் கிடைத்துவிடாது. ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று பேச இப்போது கையில் எண்கள் இருக்கின்றன.

கவனித்தீர்களா, இந்த நான்காவது வடிவத்தை நான் முதலில் யோசிக்கவே இல்லை. மூன்றாவது பெட்டியில் ஜன்னல், பால்கனி எல்லாம் போட்டு முடித்திருந்தால், அதைத் திருப்பிப் போட மனசு வந்திருக்காது.

ஜன்னல் போடும் ஆசை

அதனால்தான் ஆரம்பத்தில் கற்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது: ஜன்னல் போடாதீர்கள். மரத் தரை, கண்ணாடிப் பளபளப்பு, காரின் மாடல் எதுவும் வேண்டாம். மென்பொருளில் இதெல்லாம் ஒரு கிளிக்கில் கிடைப்பதால் கை அரிக்கும்தான்.

ஒருமுறை ஆசைப்பட்டு மாஸில் ஜன்னல்களைப் போட்டு, ஃபிரேமுக்கு அடர் சாம்பல் நிறமும் கொடுத்துக் கொண்டுபோனேன். வந்திருந்த குடும்பம் ஒரு மணி நேரம் பேசியது. முழுக்க ஜன்னலின் நிறம் பற்றி. ஐந்து மாடியா நான்கு மாடியா என்று யாரும் கேட்கவில்லை. தப்பு என்னுடையது. படத்தில் எதைக் காட்டுகிறோமோ அதைப் பற்றித்தான் பேச்சு வரும். வெறும் வெள்ளைப் பெட்டியைக் காட்டினால் உயரத்தையும் இடத்தையும் தவிரப் பேச வேறெதுவும் இருக்காது.

ஓஎம்ஏ என்ற டச்சு நிறுவனத்தில் நீல நிற ஃபோமைச் சூடான கம்பியால் வெட்டி நூற்றுக்கணக்கில் மாடல் செய்வது பெயர் பெற்ற பழக்கம். நம் கல்லூரிகளில் தெர்மாகோல். அந்தப் பொருட்களில் ஜன்னல் வெட்டுவது கஷ்டம். அதுவே நல்லதாகப் போயிற்று.

பின்னே எதைத்தான் போடலாம்? அக்கம்பக்கத்துக் கட்டடங்களைச் சாம்பல் நிறப் பெட்டிகளாகக் கட்டாயம் போடுங்கள். தனியாக நிற்கும் பெட்டி எப்போதும் அழகாகத்தான் தெரியும். பக்கத்தில் இரண்டு மாடி வீடு நின்றால்தான் நம்முடையது எவ்வளவு பெரியது என்று உறைக்கும். ஆள் உருவம் ஒன்று, தெருவில். மாடிப்படியும் லிஃப்டும் வரும் இடத்தில் ஓர் அடர்நிறப் பெட்டி, அடியிலிருந்து உச்சிவரை. மொத்தப் பரப்பில் படி, லிஃப்ட், நடை, சுவர் எல்லாம் போக ஃபிளாட்டாகக் கைக்கு வருவது முக்கால் பங்கிலிருந்து 85 சதவீதம் வரைதான் என்பதை அந்தப் பெட்டி நினைவூட்டும். கடை, வீடு என்று கலப்பாக இருந்தால் பயன்பாட்டுக்கு ஒரு நிறம். போதும்.

தளத்தின் உயரத்தையும் சும்மா போட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு 3 மீட்டர் சரி. அலுவலகம் என்றால் ஏசி குழாய்க்கும் பொய்க்கூரைக்கும் சேர்த்து மூன்றரை, நான்கு வேண்டும். 18.30 வரம்புக்குள் வீட்டில் வந்த ஐந்தாவது தளம் அலுவலகத்தில் வராது.

பெட்டி சுவராகும் போது

மாஸ் முடிவான பிறகு என்ன செய்வது? ஸ்கெட்ச்அப் பெட்டியை அளவுக்கு வைத்துக்கொண்டு வேறு மென்பொருளில் முதலிலிருந்து வரைவது ஒரு வழி. நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், தவறில்லை. ரெவிட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு.

ரெவிட்டில் மாஸிங் அண்ட் சைட் என்ற தாவலுக்குள் இன்-பிளேஸ் மாஸ் இருக்கிறது. வடிவத்தை வரைந்து கிரியேட் ஃபார்ம் கொடுத்தால் கனவடிவம் எழும். அதைத் தேர்ந்தெடுத்து மாஸ் ஃப்ளோர்ஸ் கொடுத்து எந்தெந்த லெவலில் தளம் வேண்டும் என்று டிக் செய்தால், பெட்டியை அந்த உயரங்களில் கத்தியால் சீவியது போல் பிரித்து, ஒவ்வொரு தளத்தின் பரப்பு, சுற்றளவு, வெளிச்சுவர்ப் பரப்பு, கன அளவு எல்லாவற்றையும் அட்டவணையாகக் கொடுக்கும். பெட்டியை இழுத்தால் அட்டவணையின் எண்களும் மாறும். மேலே நான் கையால் போட்ட கணக்கெல்லாம் அங்கே தானாக நடக்கும். ஆனால் கையால் ஒருமுறை போட்டவருக்குத்தான் அந்த எண்கள் பேசும் என்பது என் எண்ணம்.

இங்கே புதியவர்கள் திகைக்கும் ஒரு விஷயம்: செய்த மாஸ் திடீரென்று காணாமல் போகும். அழியவில்லை. ரெவிட்டில் மாஸ் இயல்பாகவே மறைந்திருக்கும் வகை. ஷோ மாஸ் பொத்தானைத் தட்டினால் திரையில் தெரியும். தாளில் அச்சாக வேண்டுமென்றால் அந்தப் பார்வையின் விசிபிலிட்டி அமைப்பில் மாஸ் வகையையும் டிக் செய்ய வேண்டும்.

பிறகு வால் பை ஃபேஸ் கருவியை எடுத்துப் பெட்டியின் ஒரு முகத்தைத் தொட்டால் அங்கே நிஜச் சுவர் முளைக்கும். மாஸ் ஃப்ளோரைத் தொட்டால் தளம், மேல்முகத்தைத் தொட்டால் கூரை. சாய்ந்த முகம், வளைந்த முகம் எதுவானாலும் சரி. பட்டறையில் அச்சின்மேல் தகடு போர்த்துவது மாதிரி.

சூரியன், காற்று, இரைச்சல் எல்லாவற்றையும் இந்தப் பெட்டி நிலையிலேயே அலசிக் கொடுக்கும் கருவிகளும் வந்துவிட்டன. நார்வேயின் ஸ்பேஸ்மேக்கரை, ரெவிட்டின் நிறுவனமான ஆட்டோடெஸ்க் 2020-இல் வாங்கி, 2023-இல் ஃபார்மா என்ற பெயரில் வெளியிட்டது அந்த வகைதான். வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். முதல் பத்து மாஸுக்கு அது தேவைப்படாது.

ரெவிட்டில் கடைசியாக ஒரு எச்சரிக்கை. சுவர் முளைத்த பிறகு மாஸை இழுத்து மாற்றினால் சுவர் கூடவே வராது. பழைய இடத்திலேயே நிற்கும். சுவரைத் தேர்ந்தெடுத்து அப்டேட் டு ஃபேஸ் கொடுத்தால்தான் புதிய முகத்துக்கு நகரும். அதனால் சுவர் வந்துவிட்டதே என்று மாஸை அழித்துவிடாதீர்கள், மறைத்து மட்டும் வையுங்கள். கைவிட்ட மற்ற மூன்று பெட்டிகளையும் தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் வைத்திருங்கள். முற்றம் வைத்தால் என்ன என்று மூன்றாவது மீட்டிங்கில் யாராவது நிச்சயம் கேட்பார்கள்.